மூன்றாம் நாள் மத்தியானம் காலியாகும் போத்தல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அரச மருத்துவமனைகளின் மருந்து வழங்கலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். பெரும்போகம் தொடங்கி மழையும் இறங்கியாயிற்று. சிரங்கு பிடித்த பிள்ளைகளும், சேற்றுப்புண்காரரும், மண்வெட்டி பட்ட காயம் பழுத்தவர்களும் மருந்து யன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் காலம் இதுவென்று நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்துக் களஞ்சியங்கள் பட்ட பாடும் தெரிந்ததே. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஐந்து நாளுக்கு எழுதிய அன்ரிபயோட்டிக்கை ஐந்து நாளுக்கும் ஒரே தடவையில் கொடுங்கள்.

சென்ற வாரம் ஒரு மருந்து யன்னலில் புதிய அறிவித்தல் தொங்கியது: ‘சகல மருந்துகளும் மூன்று நாட்களுக்கு மட்டுமே.’ பக்கத்தில், வெயிலில் நிறம் போன பழைய சுவரொட்டி: ‘அன்ரிபயோட்டிக்கை இடையில் நிறுத்தாதீர்கள்.’ இரண்டையும் ஒரே பசையால் ஒட்டியிருந்தார்கள். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பிவிடும்.

கணக்கைப் பாருங்கள். சிரங்கு பிடித்த ஐந்து வயதுப் பிள்ளை. வாயைச் சுற்றியும் முழங்காலிலும் தேன் காய்ந்தாற்போலப் பொருக்கு. டொக்டர் எழுதுவது குளொக்ஸசிலின் என்ற அன்ரிபயோட்டிக் 250 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளை, ஐந்து நாள். தூளைத் தண்ணீரில் கரைத்துச் செய்யும் பாணி மருந்தின் 5 மில்லிலீற்றரில் இருப்பது 125 மில்லிகிராம். அப்படியென்றால் வேளைக்கு 10 மில்லிலீற்றர், நாளுக்கு 40, ஐந்து நாளுக்கு 200. போத்தலின் அளவோ 100. பிள்ளை துப்பாமல் குடித்தால்கூட மூன்றாம் நாள் மத்தியானத்தோடு போத்தல் காலி. அந்த மருந்தின் கசப்புக்குத் துப்பாத பிள்ளையும் இல்லை.

தாய் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வந்தவர். மண்டூரில் பாதை எனும் மிதவைப் படகில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து, விடிய ஆறு மணிக்கே வந்து நம்பர் எடுத்தவர். மிச்ச மருந்துக்கு இதே பயணம் மறுபடியும். கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைய சம்பளமும் போய்விடும். வாவியில் தண்ணீர் கூடிப் பாதை ஓடாவிட்டால் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் பொருக்கு காய்ந்திருக்கும். ‘சுகம்தானே’ என்று தாய் இருந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மேலே காய்ந்தாலும் கிருமி உள்ளே இருக்கக்கூடும். இரண்டு கிழமையில் புண் திரும்பவும் வரலாம், இம்முறை தம்பிக்கும் சேர்த்து.

முழு அளவு என்றால் நீண்ட அளவு என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து நாள் போதுமான சிரங்குக்குப் பத்து நாள் எழுதுவதை நாங்களும் எதிர்க்கிறோம். எழுதியதைக் கொடுங்கள் என்பதுதான் பேச்சு.

இரண்டு போத்தலையும் ஒன்றாகக் கொடுத்தால் பழுதாகும் என்று ஒரு பதில் வரும். இரண்டாவதைக் கரைக்காமல் தூளாகவே கொடுத்தால் பழுதாகாது. கரைத்தால்தான் குளிர்சாதனப் பெட்டியும் ஏழு நாள் கெடுவும். கரைக்கும் முறையை யன்னலில் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்: போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்து, கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரில் பாதியை விட்டுக் குலுக்கி, பிறகு கோடுவரை விட்டு மறுபடி குலுக்க வேண்டும். சுடுதண்ணீர் மருந்தைக் கெடுக்கும். ஒரேயடியாக ஊற்றினால் தூள் அடியில் கட்டிபட்டு, முதல் வேளைகள் வெறும் தண்ணீராகவும் கடைசி வேளைகள் அளவுக்கு மிஞ்சியும் போகும். தேக்கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. அளவுக் கோப்பை ஒன்றையும் கூடவே கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு என்றால் அதை யன்னலில் கேட்டறிந்து, டொக்டரிடம் மாற்று மருந்து எழுதுவிக்க வேண்டும். மாற்று என்றதும் அமொக்சிசிலினுக்கு ஓட வேண்டாம். சிரங்கில் இருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமியில் பெரும்பாலானவை அதை உடைக்கும் நொதியை வைத்திருக்கின்றன.

பெரியவர்களுக்கு வேறு சங்கடம். குளொக்ஸசிலின் வெறுவயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் குடிக்க வேண்டியது. கடதாசிப் பையில் ‘1×4’ என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தால், சோற்றோடு சேர்த்து விழுங்கி, மருந்தின் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போகும். மருந்தின் பெயர், எப்போது குடிப்பது, எத்தனை நாள்: மூன்று வரி எழுத எவ்வளவு மை செலவாகும்?

சிற்றுண்ணியால் பரவும் சொறிக்கான கிறீம் விடயத்தில் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பேர்மெத்ரின் 5 வீத ரியூப் 30 கிராம் ஒரு பெரியவரின் உடம்புக்கு ஒரு தடவை பூசத்தான் காணும். வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூசி, 8 முதல் 12 மணித்தியாலம் வைத்திருந்து, ஏழாம் நாள் மறுபடி பூச வேண்டும். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் என்றால் முதல் இரவுக்கே மூன்று ரியூபுக்கு மேல் வேண்டும். கொடுப்பது ஒன்று. அதைப் பிள்ளையின் விரலிடுக்கில் மட்டும் பூசுகிறார்கள். சொறி போகாது, சொறிந்த இடம் பழுக்கும், மறுபடி அன்ரிபயோட்டிக். ரியூபில் மிச்சம் பிடித்த காசு போத்தலில் போகிறது.

யன்னலில் கிடைக்காததைத் தேடித்தான் சனம் கடைக்குப் போகிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் டொக்டரின் துண்டில்லாமல் அசித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக்கில் மூன்று குளிசை கத்தரியால் வெட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ‘கவனத்தோடு கொடு’ என்று வகைப்படுத்திய மருந்து அது. குளோபெட்டசோல் என்ற கடும் ஸ்டீரொயிட்டும் அன்ரிபயோட்டிக்கும் பூஞ்சண மருந்தும் ஒன்றாகக் கலந்த ரியூபைப் படை எனும் பூஞ்சணத் தோல்நோய்க்குக் கொடுப்பது இன்னும் மோசம். இரண்டு நாளில் கடி நிற்கும், சிவப்பு மங்கும், வாங்கியவர் கடைக்காரரைப் புகழ்வார். ஸ்டீரொயிட் தோலின் எதிர்ப்பை அடக்கியிருக்க, உள்ளே படை இடுப்புச் சுற்றளவுக்குப் பரவும். பிறகு அது படைதானா என்று பார்த்துச் சொல்லவே கஷ்டம். தொடையிடுக்கில் தோல் மெலிந்து விழும் வரிகள் மறையப்போவதும் இல்லை. கடைச் சோதனைக்குப் போகிற அதிகாரிகள் குளிரூட்டியின் வெப்பநிலைப் புத்தகத்தோடு அந்த ரியூப் கிடக்கும் மேசை இலாச்சியையும் ஒருதடவை இழுத்துப் பார்த்தால் நல்லது.

கோபம் மடலை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது, மன்னிக்கவும்.

வயலில் நிற்கும் சலரோகக்காரரையும் கவனிக்கக் கேட்கிறோம். சேற்று மண்ணில் இருக்கும், சலரோகக்காரரை அதிகம் பிடிக்கும் மெலியோய்டோசிஸ் நோய்க் கிருமி காயத்தால் நுழைந்து சீழ்க்கட்டியாக வந்தால் குளொக்ஸசிலின் அதைத் தொடாது. கட்டியைக் கீறும்போதே சீழைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நோய் உறுதியானால் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமொக்சசோல். 60 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு, சிறுநீரகம் சரியாக இருந்தால், 480 மில்லிகிராம் குளிசை காலை நான்கு, இரவு நான்கு. நாளுக்கு எட்டு. இடையில் விட்டால் நோய் திரும்பும். திரும்பினால் உயிருக்கே ஆபத்து. இவருக்கும் ‘மூன்று நாட்களுக்கு மட்டுமே’ என்பதா?

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறோம்: எழுதிய நாட்கள் எல்லாவற்றுக்குமான அன்ரிபயோட்டிக்கை முதல் நாளே கொடுங்கள். கையிருப்பு போதாதென்றால் மற்ற மருந்துகளில் மூன்று நாள் முறையை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் விலக்குத் தாருங்கள். நவம்பர் 18 முதல் 24 வரை, கிருமிகளின் மருந்து எதிர்ப்பு பற்றிய உலக விழிப்புணர்வு வாரம் வருகிறது. இந்த ஆண்டு பதாகை அடிக்கும் காசில் அளவுக் கோப்பை வாங்கலாம் என்பது எங்கள் தாழ்மையான யோசனை. அந்த அறிவித்தலை அதற்கு முன் கழற்றிவிட ஆவன செய்யும்படி வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மருந்து கலந்து கொடுக்கும் தொழிலில் உள்ள சிலர்