காரணத்தை எழுத ஓர் ஆள் கொடுங்கள்: குழந்தை நல ஆராய்ச்சி நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காயத்தோடு வரும் குழந்தைகளுக்கு அது எப்படி நேர்ந்தது என்று கேட்டு எழுதிவைக்க நிதி கேட்டு எங்கள் குழந்தைகள் அவசரப் பிரிவு அனுப்பிய காயப் பதிவேட்டுத் திட்டத்துக்கு உங்கள் பதில் வந்து சேர்ந்தது. 'புதுமை போதாது' என்று ஒரு வரி. விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால் பரிசீலிக்கலாம் என்று இன்னொரு வரி. திட்டத்தின் விவரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது, மறுபடி சொல்லி நேரத்தை எடுக்க மாட்டேன். அந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நான் மருத்துவரும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. அந்தப் பிரிவில் செவிலியர். பதிவேட்டை நிரப்புகிறவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'விழுந்தது', 'சுடுநீர்', 'விழுங்கியது' என்பதற்கு மேல் அதில் இடமில்லை. இடம் இருந்தாலும், ஒரு குழந்தைக்கு ஊசி ஏற்றிக்கொண்டே அடுத்த குழந்தையின் மூச்சைக் கவனிக்கிற நேரத்தில் யார் எழுதுவது?

அதனால் என்ன காணாமல் போகிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை. எச்சில் வழிந்துகொண்டே இருக்கிறது, எதைக் கொடுத்தாலும் விழுங்க மறுக்கிறது. எக்ஸ்ரேயில் உணவுக்குழாயில் வட்டமாக ஒன்று. நாணயம் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். விளிம்பில் இரட்டை வளையம் தெரிந்தால் அது பட்டன் பேட்டரி. 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். ஈரமான சதை பட்டதும் மின்சாரம் பாய்கிறது, பேட்டரியின் நெகட்டிவ் முனைப் பக்கம் சதையை அரிக்கும் காரம் உண்டாகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் சதை கடுமையாக வெந்துவிடலாம். பேட்டரியை எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போகும் ஆபத்து இருக்கிறது. நாள்கள், சில சமயம் வாரங்கள் கழித்துப் பெருந்தமனி அரிபட்டு ரத்தப்போக்கில் இறந்த குழந்தைகள் உண்டு.

எங்களிடம் வந்த குழந்தை பிழைத்தது. குழாய் வழியாக உணவு, திரும்பத் திரும்ப மயக்க மருந்து, சுருங்கிப்போன உணவுக்குழாயை விரிக்கிற சிகிச்சை என்று அதன் வாழ்க்கை இப்போது மருத்துவமனையைச் சுற்றியே போகிறது. பதிவேட்டில் இருப்பது 'அந்நியப் பொருள் விழுங்கியது' என்ற ஒரே வரி. அந்த பேட்டரி எதிலிருந்து வந்தது? ரிமோட்டா, எடை பார்க்கும் கருவியா, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையா? மூடியில் திருகாணி இருந்ததா, விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளுமா? கீழே விழுந்து மூடி தானாகக் கழன்றதா? அந்த அம்மா இதையெல்லாம் கேட்காமலேயே சொன்னார், அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதிவைக்கத்தான் ஆளில்லை. வேறொரு மருத்துவமனைக்கு அதே சாதனத்தின் மூடி கழன்று இன்னொரு குழந்தை போயிருந்தால், அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

நாங்கள் கேட்டது இதுதான்: காயத்தோடு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் எங்கே, எதனால், எப்படி என்று கேட்டு எழுத ஓர் ஆள். எழுதியதையெல்லாம் சேர்த்துப் படித்துக் கணக்குப் பார்க்க இன்னோர் ஆள்.

புதுமை இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். கனடாவில் 1990 முதலே மருத்துவமனைகளில் இப்படிக் கேட்டு எழுதுகிறார்கள்: குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது, எங்கே தவறியது என்று வாக்கியமாகவே. சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார்ந்தபடி படிக்கட்டில் உருண்ட குழந்தைகளின் கதைகள் அந்தப் பதிவுகளில் சேர்ந்தன. 2004-இல் அந்த நாடு அந்த வாக்கர்களையே தடைசெய்தது. நியூயார்க்கில் 1970-களின் தொடக்கத்தில் ஜன்னலிலிருந்து விழுந்து இறக்கும் குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னதோடு நிற்காமல், ஜன்னலுக்குத் தடுப்புக் கம்பியை இலவசமாகவும் கொடுத்தார்கள். பிராங்க்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டில் அந்த விபத்துகள் பாதியாகக் குறைந்தன.

புதுமைக்காகக் காத்திருப்பதன் விலையும் தெரிந்த ஒன்றுதான். கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் தூக்கத்தில் திடீரென இறக்கும் அபாயம் கூடும் என்பதற்கான சான்று 1970-லேயே ஆய்வுகளில் சிதறிக் கிடந்தது. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும்தான் தொடங்கியது. இருந்த சான்றை முன்பே தொகுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் சுமார் 10,000 குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பக்கம் எல்லாம் சேர்த்தால் குறைந்தது 50,000 குழந்தைகளும் இறக்காமல் இருந்திருக்கலாம் என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே யாருக்கும் புதிய கருவி தேவைப்படவில்லை. உட்கார்ந்து படிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

இனி விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு வருவோம். நடத்தலாம், தாராளமாக நடத்தலாம். மேடை, பதாகை, சிறப்பு விருந்தினர், வாசலில் பலூன் தோரணம். குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைத்துக் கொல்லும் பொருள்களில் வெடித்த பலூன் முன்வரிசையில் இருப்பது விருந்தினருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அப்புறம் வீட்டுக்குப் போகும் பெற்றோரிடம் 'கவனமாக இருங்கள்' என்று ஒரு துண்டுத்தாள். குழந்தை வைத்திருப்பவர்கள் இதுவரை கவனம் என்பதையே கேள்விப்படாதவர்கள் போல! குழாயில் வரும் நீர் 60 டிகிரி இருந்தால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். அந்த நொடிகளில் எந்தத் தாயின் கவனமும் முந்த முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983-இல், புதிதாக விற்கும் நீர்ச்சூடேற்றிகளை 49 டிகிரியில் அமைத்துத் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. அதன் பிறகு குழாய்ச் சுடுநீரால் வெந்து வரும் குழந்தைகள் குறைந்தார்கள். தாய்மார்கள் அப்படியேதான் இருந்தார்கள், மாறியது சூடேற்றி.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இப்படித் தற்செயலாக நேரும் காயங்களால் ஆண்டுக்குச் சுமார் 8,30,000 சிறார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிருமி இதைச் செய்திருந்தால் அதற்குத் தனி நிறுவனமே இருந்திருக்கும். வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் காரணம் தேடக்கூட வேண்டாம், வயசுக் கோளாறு என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். 5 முதல் 29 வயது வரை உலகில் அதிகம் பேரைக் கொல்வது சாலை விபத்து. நியூசிலாந்து 1987-இலேயே இளம் ஓட்டுநர்களுக்கு இரவுப் பயணத்தையும் நண்பர்களை ஏற்றிச் செல்வதையும் கட்டுப்படுத்திப் படிப்படியாக உரிமம் தரத் தொடங்கியது. எந்த நேரத்தில், யாரோடு போகும்போது மோதுகிறார்கள் என்று பார்த்தால்தான் அப்படி ஒரு விதி யோசனையில் வரும்.

எழுதப்படாத காரணம் இன்னொன்றையும் மறைக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இன்னும் புரளவே தெரியாத குழந்தை 'தானாக விழுந்தது' என்று வருகிறது. எந்த உயரத்திலிருந்து, எதன் மேல், அப்போது யார் பக்கத்தில் இருந்தார் என்று நிதானமாகக் கேட்க ஒருவர் இருந்தால், அந்தக் குழந்தையை, காயப்படுத்திய அதே கைகளில் திருப்பிக் கொடுக்காமல் இருக்கலாம்.

மருத்துவமனைப் பதிவேடு மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். நீரில் மூழ்கிய குழந்தைகள் பலர் எங்கள் வாசலுக்கே வருவதில்லை. வங்கதேசத்தில் 2003-இல் வீடு வீடாகக் கேட்ட பிறகுதான், ஒரு வயதைத் தாண்டிய சிறார்களின் இறப்பில் மூழ்குவது முதலிடத்தில் இருப்பது வெளியே வந்தது. பெரியவர்கள் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்தில்தான் அது அதிகம் நடக்கிறது என்றும் கண்டார்கள். அந்த நேரத்துக்குக் கிராமங்களில் குழந்தைக் காப்பகம் வைத்தார்கள். அங்கே இருந்த குழந்தைகளிடம் மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தது. அப்படி ஒரு கணக்கெடுப்பையும் நீங்கள் செய்ய வேண்டும். ஆனால் அதை இந்த மடலில் கேட்கவில்லை, பயந்துவிடுவீர்கள்.

கோபம் கொஞ்சம் மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பழைய கோரிக்கைதான்: கேட்டு எழுத ஓர் ஆள், படித்துக் கணக்குப் பார்க்க ஓர் ஆள். அடுத்த கூட்டத்தில் எங்கள் விண்ணப்பத்தைத் தயவுசெய்து மறுபடி எடுத்துப் பாருங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் புதிய கணினி, வழுவழு தாளில் அச்சிடும் அறிக்கை, தொடக்க விழா எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள், நோட்டுப் புத்தகத்திலேயே எழுதிக்கொள்கிறோம். அந்த இரண்டு ஆட்கள் மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர்