மார்கழியில் வந்து பாருங்கள்

வலுசக்தி அமைச்சுக்கும் மட்டக்களப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும்,

வணக்கம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பட்டிக்காரர் (மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்) ஒருவரின் மகன். எங்கள் மேய்ச்சல் தரைக்கும் ஒருநாள் காற்றாலை வரலாம் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன், காற்றாலை வேண்டாம் என்று எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'அபிவிருத்திக்கு எதிரான ஆள்' என்று மடலை ஓரத்தில் வைத்துவிடுவீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நுவரெலியாப் பக்கம் அம்பேவெல பண்ணைக்குப் போயிருந்தேன். மூட்டத்துக்குள் காற்றாடியின் சிறகு மட்டும் வந்து வந்து மறைந்தது. கீழே பசுக்கள் தங்கள் பாட்டில் மேய்ந்தன. ஒன்று கோபுரத்தின் அடியில் விலாவைத் தேய்த்துக்கொண்டு நின்றது. சரி, மாடும் காற்றாலையும் ஒரே தரையில் இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. ஆனால் அது வேலி போட்ட பண்ணை. அந்தத் தரை மாட்டுக்கு என்று காகிதத்தில் இருக்கிறது. எங்கள் தரை அப்படியில்லை.

மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்கிறது. பெரும்போகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) வயல் விதைத்ததும் பட்டிகளை அங்கே சாய்ப்போம். அறுவடை முடிந்தால் பெரும்பாலானவை வயற்பக்கம் திரும்பிவிடும். வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர் செய்யத் தொடங்கியதால், 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் குந்திப் போராட வேண்டி வந்தது. மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் (அரசிதழில்) போடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். மன்னாரில் 103.5 மெகாவாட் காற்றாலை ஓடுகிறது. இடம் தேடுகிறவர்கள் ஒருநாள் கிழக்கையும் பார்ப்பார்கள். காற்றை அளக்க வருகிறவர் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் வருவார். அப்போதுதானே காற்று பலமாக இருக்கும். அந்த நேரம் மாடுகள் பெரும்பாலும் வயற்பக்கம் போயிருக்கும், தரையில் காய்ந்த புல்லும் பழைய சாணமும்தான் கிடக்கும். அவர் 'வெறுங்காணி' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். பொய் எழுதினார் என்றும் சொல்ல முடியாது.

இப்படி வெறுந்தரை என்று நினைத்து ஏமாந்த கதை அயர்லாந்திலும் உண்டு. கோல்வே மாவட்டத்தில் டெரிபிரையன் என்று ஒரு மேட்டுநிலம். அடியில் 'பீட்' என்கிற கறுப்பு மண். பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருடமாக நீரில் ஊறிப் படிந்தது. அங்கே 70 காற்றாடி நிறுத்தும் வேலை நடந்தபோது, 2003 ஒக்டோபரில் அந்த மண் சரிந்து ஆற்றுக்குள் இறங்கியது. மீன்கள் கூட்டமாகச் செத்தன. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் அயர்லாந்துக்கு 50 இலட்சம் யூரோ தண்டம் போட்டது, அதோடு தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 15,000 யூரோ. 2022இல் காற்றாலையையே மூடினார்கள்.

எங்களிடம் பீட் இல்லை, மலைச்சரிவும் இல்லை. ஆனால் மயிலத்தமடு என்ற பெயரிலேயே மடு இருக்கிறது. மாரியில் நீர் எங்கே தேங்கும், எந்தப் பக்கத்தால் வடியும் என்பது எருமைக்குத் தெரியும். காற்றாடியின் சிறகை ஏற்றிவரும் லொறிக்கு அகலமான வீதி வேண்டும், வீதிக்கு மண் நிரவ வேண்டும், நிரவினால் நீரின் வழி மாறும். 2025இல் மன்னார்த் தீவு மக்கள் எதிர்த்து எழுந்ததற்கு இந்த வெள்ளப் பயமும் ஒரு காரணம். (1978 சூறாவளியைக் கண்ட ஊர் எங்கள் மட்டக்களப்பு. கோபுரத்தின் பலத்தைப் பற்றியும் எங்கள் கிழவர்கள் கேள்வி கேட்பார்கள், தயாராக வாருங்கள்.)

ஆகவே ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலில் மேய்ச்சல் தரைக்கு எல்லை போட்டு வர்த்தமானியில் வெளியிடுங்கள். அப்புறம் அதற்குள் எந்த இடத்தில் கோபுரம் நிற்கலாம் என்று பட்டிக்காரரோடு இருந்து பேசலாம். சுற்றாடல் அறிக்கை தமிழிலும் வரட்டும், ஆங்கிலப் பிரதியைக் கச்சேரி (மாவட்டச் செயலக) மேசையில் வைத்துவிட்டு முப்பது நாள் எண்ணுவது எங்களுக்கு உதவாது.

இடம் பார்க்க வருவதென்றால் மார்கழியில் வாருங்கள். வாகனம் பாதி வழியில் புதைந்துவிடும். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், பால் கறக்கும் நேரத்துக்குப் பட்டிக்கு வந்து சேரலாம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு பட்டிக்காரர் மகன்