‘1+’ என்று அச்சிட்ட பெட்டிக்குள் முழு நிலக்கடலை: மழலைத் தின்பண்டத் தொகுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
சமையல், பராமரிப்புப் பொறுப்பாளர்கள்,
மழலையர் காப்பகம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
தரக் கட்டுப்பாட்டு மேலாளர்,
குழந்தைகள் தின்பண்டத் தயாரிப்பு நிறுவனம்,
சென்னை.

பொருள்: ஒரு வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று விற்கப்படும் மாதத் தொகுப்பில் உள்ள ஆபத்தான பண்டங்கள், தவறான குறிப்புத்தாள், பணத்தைத் திரும்பப் பெறுதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 1 முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்காக உங்கள் மாதத் தொகுப்பு 24 வாங்கியிருக்கிறோம். ஒன்று 649 ரூபாய், மொத்தம் 15,576 ரூபாய். ஒவ்வொன்றிலும் ஐந்து பொட்டலம், மூன்று அறை வைத்த ஒரு டிபன் பாக்ஸ், எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று ஒரு வண்ணத்தாள். முகப்பில் கொட்டை எழுத்தில் ‘1+’. பிரித்துப் பார்த்தபின் எதையும் குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை. சோதித்துப் பார்க்கப் பிரித்த சில பொட்டலங்களைத் தவிர 24 தொகுப்பும் அப்படியே இருக்கின்றன. ருசியில் எங்களுக்குக் குறையில்லை. கடலை உருண்டை ருசியாகத்தான் இருக்கிறது, பெரியவர்களுக்கு.

அந்த உருண்டையிலிருந்தே தொடங்குகிறோம். முழு நிலக்கடலைப் பருப்பு, முற்றிய வெல்லப் பாகில் பிடித்தது; தரையில் போட்டால் ‘டக்’கென்று சத்தம் வருகிறது. குழந்தைக்கு முதல் கடைவாய்ப் பல் வருவது சுமார் 13 மாதத்திலிருந்து 19 மாதத்துக்குள். இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு 23 முதல் 33 மாதம் வரை ஆகும். அதுவரை முன்பல்லால் கடித்து உடைக்க முடியும், அரைக்க முடியாது. உடைந்த பருப்பு வாய்க்குள் உருண்டுகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்துக் குழந்தை சிரித்தாலோ அழுதாலோ ஓடினாலோ, உள்ளிழுக்கும் மூச்சோடு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலப்பக்கக் கிளை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். கடலையில் உள்ள எண்ணெய் அந்த இடத்தைப் புண்ணாக்கி வீங்கவைக்கும். உடனே மூச்சடைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். சில நேரம் இருமல், வீசிங் மட்டுமே நாள்கணக்கில் இருக்கும். சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்ரேயிலும் பருப்பு நேரடியாகத் தெரியாது.

பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை முழு நிலக்கடலை, கொட்டை வகைகளை 5 வயது வரை கொடுக்கக் கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 4 வயது வரை என்கிறது. நீங்கள் 1 என்கிறீர்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பெரியவர் மேற்பார்வையில் கொடுக்கவும்’ என்று இருக்கிறது. மேற்பார்வை பருப்பை அரைத்துக் கொடுக்காது.

நிலக்கடலையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் உருவம்தான் தவறு. வறுத்து, தோல் புடைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிப் பொடித்து, சல்லடையில் சலித்துவிட்டால் இதே கடலை ஒரு வயதுக் குழந்தைக்கு நல்ல உணவு. ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டி தட்டும். அந்தக் கட்டி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஆபத்துதான். மசித்த வாழைப்பழத்திலோ கேழ்வரகுக் கூழிலோ ஒரு டீஸ்பூன் பொடி போதும். முதல் தடவை கால் டீஸ்பூன், அதுவும் பகலில். ஒவ்வாமை வந்தால் கண்ணில் படும். உங்கள் ஆலையில் சலித்த பொடியைச் சிறு பொட்டலமாகக் கட்டுவது உருண்டை பிடிப்பதைவிடக் கடினமான வேலையாக இருக்காது.

முழு முந்திரியும் பாதாமும் கலந்த பொட்டலத்துக்கும் இதே பேச்சுதான். நேந்திரம் சிப்ஸ் கண்ணாடிச் சில்லு மாதிரி கூராக உடைகிறது. அதை 1+ பெட்டியில் வைத்த காரணம் எங்களுக்குப் பிடிபடவில்லை.

சீஸ் மசாலா சோளப்பொரியில் இரண்டு குறை. மூன்று பொட்டலத்தைத் தட்டில் கொட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் 9 முதல் 14 வரை பொரியாத சோளம், கல் மாதிரி. பொரிந்ததிலும் தோல் சுருள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது உப்பு. 100 கிராமில் 890 மி.கி. சோடியம் என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். 30 கிராம் பொட்டலத்தில் 267 மி.கி. வருகிறது. பக்கத்தில் ‘அன்றாடத் தேவையில் 13 சதவீதம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான 2,000 மி.கி. சோடியத்தை வைத்துப் போட்டது. 2020-ஆம் ஆண்டு இந்திய உணவு லேபிள் விதிமுறை அப்படித்தான் கேட்கிறது, தெரியும். ஆனால் முகப்பில் 1+ என்று போட்டுவிட்டுப் பின்புறம் அப்பாவின் கணக்கைக் காட்டினால் அம்மா எதை வைத்து முடிவெடுப்பார்? 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்கு உப்பு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று மேலே சொன்ன பிரிட்டன் சேவை சொல்கிறது. அதில் சோடியம் சுமார் 800 மி.கி. உங்கள் ஒரு பொட்டலமே அதில் மூன்றில் ஒரு பங்கு. இட்லி, சாம்பார், ரசம் எல்லாம் இனிமேல்தான்.

‘சர்க்கரை சேர்க்காத ராகி பிஸ்கட்’ என்ற பெயரில் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. உட்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது மைதா, அடுத்து பேரீச்சை விழுது, மூன்றாவதாகப் பாமாயில். ராகி நான்காவது இடத்தில், 11 சதவீதம். எடை அதிகமானதுதான் முதலில் வரவேண்டும் என்பதால் இதை ராகி பிஸ்கட் என்பதைவிட ராகி தூவிய மைதா பிஸ்கட் என்பதே பொருத்தம். சர்க்கரைக்குப் பதிலாகப் பேரீச்சை விழுதும் கெட்டியாக்கிய ஆப்பிள் சாறும் போட்டு, 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 31 கிராம், ‘சேர்த்த சர்க்கரை 0’ என்று எழுதியிருக்கிறீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகளைத் தயவுசெய்து மறுபடி படியுங்கள். சர்க்கரைக்கு மாற்றாக உலர்பழ விழுதோ கெட்டியாக்கிய பழச்சாறோ சேர்த்த பண்டத்துக்கு ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று சொல்ல அதில் இடமில்லை. பேரீச்சை நல்ல பழம்தான். விழுதாகிப் பிஸ்கட்டோடு பல்லிடுக்கில் அப்பிக்கொண்டால் சொத்தைக்குச் சர்க்கரை என்ன, பேரீச்சை என்ன?

ஒவ்வொரு பொட்டலத்திலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை தனியாகக் கிடக்கிறது, பிஸ்கட் அளவிலேயே. அதைப் பொட்டலத்தின் உட்சுவரோடு ஒட்டிவிடுங்கள்.

இனி வண்ணத்தாள். பொட்டலத்தைவிட இதுதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துகிறது. பொட்டலம் தீர்ந்துவிடும், தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பார்கள்.

முதல் படத்தில் முழுத் திராட்சையும் வட்டமாக வெட்டிய பச்சைக் கேரட்டும் இருக்கின்றன. திராட்சை வழுவழுப்பாக, அமுங்கிக் கொடுக்கும் பதத்தில் இருப்பதால் பாட்டிலுக்குத் தக்கை வைத்த மாதிரி மூச்சுக்குழாயை இறுக மூடிவிடும். குறுக்கே இரண்டாக வெட்டினாலும் வட்டம் வட்டம்தான். நீளவாக்கில் நான்காகக் கீற வேண்டும். பன்னீர் திராட்சையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: லேசாக அழுத்தினாலே தோலை விட்டுச் சதை முழுசாக வழுக்கி வெளியே வந்துவிடும், உள்ளே விதையும் இருக்கும். தோலுரித்து, கீறி, விதை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி ஆவியில் வேகவைக்க வேண்டும். பதம் பார்ப்பது எளிது: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். மசியாததைக் குழந்தையின் ஈறும் மசிக்காது. ஆப்பிளுக்கும் இதே சோதனைதான். வேகவைக்க நேரமில்லையென்றால் துருவிவிடலாம்.

இரண்டாவது படத்தில் ‘8 மாதம் முதல்: தேன் கலந்த அவல்’. இதை உடனே நீக்க வேண்டும். 12 மாதம் நிறையாத குழந்தைக்குத் தேன் துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்து அந்தக் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும். பால் குடிக்கச் சக்தியில்லாமல் குழந்தை துவண்டுபோகும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தை விடச்சொல்லிப் பாட்டிமார்களிடம் மன்றாடிக்கொண்டிருக்கும்போது, அச்சடித்த தாளில் ஒரு நிறுவனமே இப்படிச் சொல்கிறது.

மூன்றாவது, ‘காலை 7 மணிக்குச் சூடாகக் கட்டுங்கள், மாலை 3 மணி வரை புதிதாக இருக்கும்’ என்ற வாசகம். சூடாக மூடினால் ஆவி மூடியில் நீராகி உள்ளேயே சொட்டும். இட்லி பிசுபிசுக்கும், வெயில் நாளில் சீக்கிரமே கெட்டுவிடும். படத்தில் இருக்கும் தயிர்சாதம் இன்னும் மோசம். பால் விட்டுப் பிசைந்தால் சீக்கிரம் புளிக்காது, உண்மை. ஆனால் புளிக்கவில்லை என்பதற்காகக் கெடவில்லை என்று ஆகாது. சோற்றில் பெருகும் ஒரு வகைக் கிருமியின் நச்சு வாடையையோ ருசியையோ மாற்றாமலே வாந்தியைக் கொண்டுவரும், மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவை வெளியே வைக்க இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அந்த இரண்டாவது கணக்குதான். எட்டு மணி நேரத்துக்குக் கட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் தோல் உரிக்காத மலை வாழைப்பழம், தண்ணீர் படாத சத்துமாவு, உப்பு குறைத்துச் சுட்ட வாயில் கரையும் தேன்குழல் மாதிரி சீக்கிரம் கெடாதவற்றைச் சொல்லுங்கள். மாவை அங்கே போய்ச் சுடுதண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம்.

டிபன் பாக்ஸைப் பற்றிச் சுருக்கமாக. நடுத் தடுப்பு மூடியைத் தொடவில்லை, சுமார் 4 மி.மீ. இடைவெளி. ஓர் அறையில் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்தால் ஒரு நிமிஷத்தில் மூன்று அறையும் நனைகிறது. ஆரஞ்சுச் சுளை பக்கத்தில் இருந்தால் பிஸ்கட் கூழாகிவிடும். மூடியின் சிலிகான் வளையத்தைக் கழற்ற முடியவில்லை. கழுவிய தண்ணீர் அடியிலேயே தங்குகிறது. அங்கே கருப்புப் பூசணம் பிடிக்க அதிக நாள் ஆகாது. கழற்றி மாட்டும் வளையமாக வையுங்கள்.

பெட்டி முகப்பில் சிரிக்கும் கைக்குழந்தையின் படம் இருக்கிறது. தாய்ப்பாலுக்குத் துணையாக 2 வயது வரை கொடுக்கும் உணவாக முன்வைத்து விற்கப்படுபவற்றின் லேபிளில் குழந்தை படம் கூடாது, அவற்றுக்கு விளம்பரமும் கூடாது என்பது 2003-இல் திருத்தப்பட்ட, தாய்ப்பால் மாற்று, பால் புட்டி, குழந்தை உணவு பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் தாளில் ‘8 மாதம் முதல்’ என்றும் எழுதியிருப்பதால், இந்தத் தொகுப்பு அதற்குள் வருமா என்பதை உங்கள் சட்டப் பிரிவு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது: கடலை உருண்டை, முழுக்கொட்டைக் கலவை, சோளப்பொரி, சிப்ஸ் நான்கிலிருந்தும் 1+ குறியை எடுத்து 5+ என்று மாற்ற வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் அனைவருக்கும் தேன், திராட்சை, கொட்டை பற்றி இந்த வாரமே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். மற்றது தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது. பிஸ்கட்டின் ‘சர்க்கரை சேர்க்காத’ வாசகத்தை நீக்க வேண்டும். 15,576 ரூபாயைத் திருப்பித் தந்து, தொகுப்புகளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத் தொகுப்போ தள்ளுபடிக் கூப்பனோ வேண்டாம்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் இதே கடிதத்தைப் புகாராகக் கொடுப்போம். பரிசோதனைக்காக ஒவ்வொரு வகையிலும் நான்கு பொட்டலத்தைப் பிரிக்காமல் தனியே எடுத்துவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
காப்பகப் பொறுப்பாளர்கள்

இணைப்பு: பில் நகல், ஐந்து பொட்டலங்களின் முன்பின் லேபிள் படங்கள், வண்ணத்தாளின் நகல், பொரியாத சோளத்தைத் தட்டில் வைத்து எடுத்த படம்.