பிரித்து வைக்கிறோம், பிரித்து எடுத்துப்போக வண்டி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடைக்காரர்களும் சிறு நிறுவனங்களும் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பதில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பிரிக்கத் தெரியும், பல வருஷமாகப் பிரித்துக்கொண்டும் இருக்கிறோம். பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோக ஓர் ஏற்பாடு இல்லை என்பதுதான் பிரச்சினை, அதைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்துக் குப்பை என்றால் என்னென்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிங் மெஷினுக்கு அடியில் விழும் பேப்பர் துண்டுகளிலேயே மூன்று வகை உண்டு. அச்சேறாத வெள்ளைத் துண்டுக்கு நல்ல விலை, கலர் அச்சான துண்டுக்குக் குறைவான விலை, லேமினேஷன் போட்ட அட்டைத் துண்டை யாரும் தொடவே மாட்டார்கள், ஏனென்றால் மில்லில் கூழாக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் படலம் கரையாமல் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். பசை போட்டு பைண்டிங் செய்த புத்தகத்தின் முதுகுப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பசை சின்னச் சின்ன உருண்டையாகக் கூழில் கலந்து புதுப் பேப்பரில் புள்ளியாக வந்து நிற்கும். அதற்கப்புறம் ஆஃப்செட் பிளேட், அதாவது அச்சு மெஷினில் மாட்டும் தகடு, அது அலுமினியம். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதைவிடப் பழையதை உருக்கி எடுக்க 95 விழுக்காடு வரை குறைவான ஆற்றல் போதும் என்பதால், அதை வாங்குபவர்கள் நாம் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். கடைசியில் மிச்சம் இருப்பது, பேப்பர் கட்டுகளைச் சுற்றி வரும் ஸ்ட்ரெச் ஃபிலிம், பிளாஸ்டிக் நாடா, பாதி காய்ந்த இங்க் டப்பா, மெஷின் துடைத்த துணி.

விலை இருக்கிற பொருளுக்கு எந்தப் பிரச்சாரமும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? பிளேட்டையும் வெள்ளைத் துண்டையும் பிரித்து வை என்று எங்கள் பையன்களிடம் நான் சொன்னதே இல்லை. சிக்கல் எல்லாம் அந்த ஸ்ட்ரெச் ஃபிலிமிலும் டப்பாவிலும் துணியிலும்தான் இருக்கிறது. இத்தனைக்கும் அந்த ஃபிலிம் கெட்ட பொருள் இல்லை. சுத்தமாக, ஒரே வகையாக, போதுமான எடைக்குச் சேர்ந்தால் அதை உருக்கித் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு சின்ன அச்சகத்தில் வாரத்துக்கு ஒரு மூட்டை சேர்ந்தால் அதிகம், அந்த ஒரு மூட்டைக்காக எந்த வண்டியும் வராது. எங்களுக்குப் பக்கத்தில் மருந்துக் கடை, துணிக்கடை, எலக்ட்ரிக்கல் கடை என்று எல்லோரிடமும் இதே ஃபிலிம் ஒரு மூட்டை இருக்கிறது. பத்துக் கடையின் மூட்டையும் ஒன்றாகச் சேர்ந்தால் அது சரக்கு, தனித்தனியாகக் கிடந்தால் வெறும் குப்பை.

சரி, தனியாக வண்டி வைத்து எடுப்பவர்களிடம் பணம் கட்டி ஒப்பந்தம் போட்டால் தீர்ந்துவிடுமா என்றால், அதையும் செய்து பார்த்தோம். மூன்று நிறத்தில் தொட்டி கொடுத்தார்கள், சுவரில் ஒட்ட ஒரு படமும் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் ஒழுங்காகப் பிரித்துப் போட்டார்கள். ஒரு நாள் காலையில் சீக்கிரம் வந்த பைண்டிங் தொழிலாளி ஒருவர் பின்வாசலில் நின்று பார்த்திருக்கிறார், மூன்று தொட்டியும் ஒரே வண்டிக்குள் ஒரே குவியலாகக் கவிழ்ந்திருக்கிறது. அவர் வந்து சொன்ன அன்றிலிருந்து யாரையும் பிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியில் வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விடியும் முன்னால் அத்தனை இடத்தையும் முடித்தாக வேண்டும் என்று அவர்களை அனுப்புகிறார்கள், வண்டிக்குள் தடுப்பும் கிடையாது, அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? கேட்க வேண்டியது அந்த வண்டியை அப்படி அனுப்பியவரை. நாங்கள் கேட்டோம். குப்பைக் கிடங்கில் வைத்துப் பிரித்துக்கொள்வோம் என்று பதில் வந்தது.

கலந்த பிறகு பிரிப்பது என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். எண்ணெய் படிந்த அட்டைப்பெட்டி கூழுக்கு ஆகாது. ஈரமான பேப்பரை மில்லில் எடையில் கழிப்பார்கள், அல்லது சுமையையே திருப்பி அனுப்புவார்கள். வண்டிக்குள் அழுத்தும்போது ஒரு கண்ணாடி பாட்டில் உடைந்தால் அந்தச் சில்லு பேப்பர் முழுக்க ஏறிவிடும், அப்புறம் அந்தப் பேப்பரைக் கையால் தொடவே பயப்படுவார்கள். கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு இன்னொரு தொல்லை. அதில் சேர்த்திருக்கும் கார்பன் கறுப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பிரிக்கும் பெரிய இயந்திரங்களின் கண்ணுக்கே அது தெரிவதில்லை. சீனா பல வருஷம் உலகத்தின் பழைய பேப்பரையும் பிளாஸ்டிக்கையும் வாங்கிக் குவித்த நாடு. 2018-இல் அது 24 வகைக் கழிவுகளுக்குக் கதவை மூடியது, அனுமதித்த வகைகளிலும் கலப்படம் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. அதுவரை மறுசுழற்சி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ ஊர்கள், கலந்து கட்டி அனுப்பியதை வாங்க ஆள் இல்லாமல் புதைக்கவும் எரிக்கவும் ஆரம்பித்தன. முதல் வாசலில் சுத்தமாக இல்லாத சரக்கைக் கடைசியில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்காட்லாந்தில் இதை ஒழுங்காக யோசித்துச் செய்திருக்கிறார்கள். அங்கே 2012-இல் கொண்டுவந்த விதிகள் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்கள் பேப்பர், அட்டை, கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஒரு பாதி. பிரித்துத் தந்ததை எடுத்துப்போகிறவர் மறுபடி மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது என்பது இன்னொரு பாதி. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பெரிதாகப் படுகிறது. கொடுப்பவர்மேல் மட்டும் அபராதம் போட்டுவிட்டு எடுப்பவரை விட்டுவிட்டால் அது பாதிச் சட்டம்தான். இங்கிலாந்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் எல்லாம் பிரித்தே ஆக வேண்டும் என்று 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கினார்கள். அதைவிடச் சிறிய நிறுவனங்களுக்கு 2027 மார்ச் 31 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். சின்னவர்களுக்கு இடவசதி குறைவு, ஆள் குறைவு, தயாராக நாள் வேண்டும் என்பதை உணர்ந்து செய்திருப்பது நியாயமாக இருக்கிறது.

அப்புறம் கட்டணம். இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நிறைய இடங்களில் மாதத்துக்கு இவ்வளவு, தொட்டிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்குகிறார்கள், பாதித் தொட்டி கொடுத்தாலும் அதே தொகை, நிரம்பி வழிந்தாலும் அதே தொகை. குப்பையைக் குறைத்தவனுக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. தென் கொரியாவில் 1995-லேயே அளவுக்கு ஏற்ற கட்டணம் வந்துவிட்டது. கலந்த குப்பையை அதற்கென விற்கும் பையில்தான் போட வேண்டும், அந்தப் பைக்குக் காசு, பிரித்துக் கொடுக்கும் பேப்பருக்கும் பாட்டிலுக்கும் காசு இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு வியாபாரிக்குப் பாடம் நடத்த வேண்டாம், பில்லில் காட்டுங்கள், அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். வண்டியிலேயே தராசு வைத்து, கலந்த குப்பை எத்தனை கிலோ, அட்டை எத்தனை கிலோ என்று தனித்தனியாக எழுதி ஒரு சீட்டுக் கொடுத்தால், அதைப் பார்த்த மாதமே அட்டையைக் கலந்த தொட்டியில் போடுவதை ஒரு கடைக்காரர் நிறுத்திவிடுவார். இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் பேப்பர் வாங்குகிற இடத்தில் ஒரு கிலோ வித்தியாசத்துக்கு நாங்கள் சண்டை போடுகிறவர்கள்.

சேர்ந்து எடுப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு நியூயார்க் நகரம் நல்ல உதாரணம். அங்கே வீட்டுக் குப்பையை மாநகராட்சி எடுக்கிறது, வணிகக் குப்பையைத் தனியார் எடுக்கிறார்கள். ஒவ்வொரு கடையும் தன் விருப்பப்படி ஒருவரைப் பிடித்ததால், சில பகுதிகளில் 50-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் லாரிகள் ராத்திரி முழுக்க ஒரே தெருக்களைச் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கடையை விட்டுவிட்டு எங்கோ உள்ள அடுத்த வாடிக்கையாளரிடம் ஓட வேண்டியிருந்ததால் டிரைவர்களுக்கும் தூக்கமில்லை, விபத்துகளும் நடந்தன. அதனால் 2019-இல் சட்டம் போட்டு நகரத்தை 20 மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு அதிகபட்சம் 3 நிறுவனம் என்று வரையறுத்து, படிப்படியாக அமல்படுத்தி வருகிறார்கள். ஒருவரே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு விலையை ஏற்றிவிடாமல் இருக்க மூன்று பேர், டீசல் வீணாகாமல் இருக்க ஒரே வட்டாரம். அவ்வளவு பெரிய ஊரில் செய்ய முடிந்ததை ஒரு கடைவீதி அளவில் செய்ய முடியாதா? வியாபாரிகள் சங்கம் ஒன்று கூடி, செவ்வாய்க்கிழமை அட்டை, வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் ஃபிலிம் என்று நாள் குறித்து, ஓர் இடத்தில் சேர்த்து, ஒரே ஒப்பந்தமாகப் பேசினால் விலையும் படியும், வண்டியும் நேரத்துக்கு வரும்.

உணவகங்களுக்கு மட்டும் இந்த நாள் கணக்கு சரிப்படாது. உணவுக் கழிவைத் தினமும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் நாற்றம் தாங்காமல் அவர்களே அதை மற்ற குப்பையோடு கட்டித் தள்ளிவிடுவார்கள். 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன், அதில் 28 விழுக்காடு உணவு பரிமாறும் இடங்களிலிருந்தும் 12 விழுக்காடு சில்லறைக் கடைகளிலிருந்தும் வந்தது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. காற்றுப் புகாமல் புதைந்த உணவு மீத்தேனாகிறது. அதையே தனியாக எடுத்தால் எரிவாயுவும் உரமும் கிடைக்கும். இது பலருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

ஆனால் பாட்டரி விஷயத்தை விட முடியாது. பழைய செல்போன், பில் போடும் கருவி, எமர்ஜென்சி லைட் என்று எல்லாக் கடையிலும் லித்தியம் பாட்டரி இருக்கிறது. அதைப் பொதுத் தொட்டியில் போட்டு, வண்டி அழுத்தும்போது அது நசுங்கினால் தீப்பிடிக்கும். எரிவது வண்டி மட்டும் இல்லை, பக்கத்தில் ஒரு தொழிலாளியும் நிற்கிறார். எங்கள் அச்சகத்து எண்ணெய்த் துணியும் அப்படித்தான், எண்ணெய் உலரும்போது சூடு வரும், குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும், அதனால் மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு வைக்கிறோம். ஆனால் அதைத் தனியாக வாங்கிப் பாதுகாப்பாக அப்புறப்படுத்த எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு யாரும் வருவதில்லை. பெரிய தொழிற்சாலைகளுக்கு வருகிறார்கள். மாதம் ஒரு முறை, குறித்த நாளில், ஆபத்தான கழிவுக்கு மட்டும் ஒரு வண்டி வந்தால் போதும். கையுறைகூடச் சரியாக இல்லாமல் நம் குப்பையில் கை விடுகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒப்பந்தம் போடும்போது மாதக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் அட்டை எந்த மில்லுக்குப் போகிறது, பிளாஸ்டிக்கை யார் வாங்குகிறார்கள், வகைவாரியாக எடைச் சீட்டு தருவீர்களா, வண்டியில் தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். புதைப்பதே இல்லை என்று விளம்பரம் செய்பவர் எல்லாவற்றையும் எரித்துவிடுகிறவராகவும் இருக்கலாம், எரிப்பது மறுசுழற்சி ஆகாது. பதில் சொல்ல முடிந்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை என்பது என் கருத்து.

உங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. பிரித்துப் போடுங்கள் என்ற அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் போடுவதற்குப் பதிலாக, ஒரு நிருபரை ஒரு வணிகக் குப்பை வண்டியின் பின்னாலேயே அனுப்புங்கள். கடையின் பின்வாசலில் தொடங்கி, எங்கே கலக்கிறது, எங்கே இறங்குகிறது, அதில் எவ்வளவு விலைக்குப் போகிறது, எவ்வளவு புதைகுழிக்குப் போகிறது என்று கடைசிவரை பார்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் அச்சகத்துச் சுமையிலிருந்து தொடங்கினாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்