உடுப்பை விட்டுப் பாட்டைக் கேட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அயர்லாந்துப் பாடகி சீமேட் பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். தமிழ் நாளிதழ் ஒன்று இவரைக் கவனித்ததில் எங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குறிப்பின் முதல் பாதி முழுக்கப் பாடகியின் தலைமுடி, பூட்ஸ், மேடைக் குறும்பு. அடுத்த பாதி வெளிநாட்டுப் பத்திரிகைகள் கொடுத்த நட்சத்திரங்கள். பாட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் வட்டாரத்துக் கானாவுக்கும் இதே கதிதான் நேர்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

சீமேட்டின் இயற்பெயர் கீரா மேரி-ஆலிஸ் தாம்சன். 1996இல் பிறந்தவர், டப்ளினை ஒட்டிய டன்பாய்னில் வளர்ந்தவர். 2022இல் வந்த முதல் இசைத் தொகுப்பே (ஆல்பம்) அயர்லாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்து, அந்த ஆண்டின் சிறந்த அயர்லாந்துத் தொகுப்புக்கான சாய்ஸ் பரிசையும் வென்றது. 2023இல் ‘கிரேஸிமேட், ஃபார் மீ’, 2025இல் ‘யூரோ-கன்ட்ரி’. இரண்டும், பிரிட்டன், அயர்லாந்துத் தொகுப்புகளுக்கு ஆண்டுதோறும் தரப்படும் மெர்குரி பரிசின் 12 தொகுப்புகள் கொண்ட இறுதிப் பட்டியலில் இடம்பெற்றன. இந்த இரு பரிசுகளிலும் விற்பனை எண்ணிக்கை கணக்கில் வராது. நடுவர்கள் தொகுப்பை முழுதாகக் கேட்டு விவாதித்துத் தேர்வு செய்கிறார்கள். எனவே எத்தனை நட்சத்திரம் என்பதைவிட இந்தத் தேர்வுகளே அதிகம் சொல்கின்றன.

நட்சத்திரக் கணக்கில் எங்கே பிசகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பல பத்திரிகைகளின் விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் போன்ற தளங்கள் 5க்கு 4 என்றால் 80 என்றும், மூன்றரை என்றால் 70 என்றும் மாற்றிச் சராசரி எடுக்கின்றன. எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது, எதற்கு எவ்வளவு என்பதையும் வெளியிடுவதில்லை. மதிப்பெண்ணே போடாத விமர்சனத்துக்குக்கூட அங்குள்ளவர்கள் படித்துப் பார்த்து ஓர் எண்ணைத் தருகிறார்கள். இசைத் தொகுப்புகளில் பெரும்பாலானவை 70ஐத் தாண்டியே நிற்பதால், 78க்கும் 84க்கும் நடுவே உள்ள வேறுபாடு வாசகருக்கு எதையும் காட்டாது. ஒருவர் ஆகா என்று கொண்டாடி, இன்னொருவர் முகம் சுளித்த தொகுப்பும், எல்லோரும் பரவாயில்லை என்று விட்ட தொகுப்பும் ஒரே சராசரியில் வந்து நிற்கும். சீமேட் போல விளிம்பில் நின்று பாடுபவர்களைப் பற்றி அந்த மாறுபாட்டைத்தான் முதலில் எழுத வேண்டும்.

இவரைப் பற்றி வந்த நல்ல விமர்சனங்கள் கவனித்தது பாட்டின் கட்டுமானத்தை. முதல் தொகுப்பை ஒலி டீக்கின் தயாரித்தார். இரண்டாவதுக்குப் பாடகி நார்வேயில் மத்தியாஸ் தெலெஸிடம் போனார். மூன்றாவதில் மீண்டும் டீக்கின். மூன்றையும் வரிசையாகக் கேட்டால் நடுவில் உள்ளதில் ஒலி அடர்ந்து, வாத்தியங்கள் குரலை நெருக்குவது தெரியும். மூன்றாவதில் குரலைச் சுற்றி மறுபடி இடம் விடப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் பெயர் இல்லாத விமர்சனத்தில் இந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்லவே முடியாது.

‘யூரோ-கன்ட்ரி’ தலைப்புப் பாடலைப் புரிந்துகொள்ள நாட்டு நடப்பும் தெரிய வேண்டும். 2008இல் அயர்லாந்தின் கட்டுமானப் பெருக்கம் சரிந்து, பாதி கட்டிய குடியிருப்புகள் ஊர் ஊராக ஆளில்லாமல் நின்றன. 2010 நவம்பரில் 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டம் ஒப்பந்தமானது. அந்தச் சரிவின்போது பன்னிரண்டு வயதில் இருந்த பிள்ளை, அக்கம்பக்கத்து அப்பாக்கள் உயிரை மாய்த்துக்கொண்டதைச் சொல்லும் பாட்டு அது. மெட்டோ துள்ளலானது. இதைச் சொல்லாமல் ‘ஜாலியான கன்ட்ரி பாப்’ என்று எழுதினால் வாசகர் பாட்டைத் தவறவிடுவார். இன்னொன்று, இந்தப் பாட்டு ஐரிஷ் மொழியில் தொடங்குகிறது. பிரிட்டன் வானொலியில் முதன்முதல் ஒலித்தது அந்தத் தொடக்கம் வெட்டப்பட்ட பதிப்பு, அப்படி வெட்டியது தன் தீர்மானமல்ல என்று பாடகியே சொன்னார். ஆகவே எந்தப் பதிப்பைக் கேட்டோம் என்பதையும் விமர்சகர் குறிக்க வேண்டும்.

சிரிப்பையும் சாவையும் ஒரே சரணத்தில் வைப்பது எங்கள் பகுதிக் காதுகளுக்குப் புதிதல்ல. இரவு முழுக்கப் பாடப்படும் மரண கானாவில் போனவரைக் கிண்டல் செய்யும் அடியும், அவர் பிள்ளைகளை நினைத்து உடையும் அடியும் அடுத்தடுத்து வரும். கேட்பவர் அழுவதும் சிரிப்பதும் தாளத்தின் நிறுத்தத்தைப் பொறுத்தது. அந்த நிறுத்தத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. சட்டை நிறம், கழுத்துச் செயின், ‘லோக்கல் பாஷை’ என்றுதான் எழுதுகிறார்கள். ராயபுரத்தின் இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோதும் பல கட்டுரைகள் ‘முதல் பெண் கானா பாடகி’ என்ற பட்டத்தோடு நின்றுவிட்டன. அவர் குரல் எந்தச் சுருதியில் திறக்கிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்று தேடிப் பார்த்தால் கிடைக்காது. இது எங்களுக்கு வருத்தம்.

விமர்சகர்களிடம் நாங்கள் கேட்பது கேட்கும் முறையில் கவனம். போன் ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலி சரியாக வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது, டோலக்கின் பெரிய பக்க அடியும் கீழேதான் இருக்கும். போனில் கேட்டுவிட்டு ‘தாளம் மெலிவு’ என்று எழுதினால் குறை பாட்டில் இல்லை. விழாக்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் அதே அடிநாதத்தை விழுங்கும். சாதாரண வயர் ஹெட்போன் போதும். முதல் முறை பாடல் வரிகளைப் பார்க்காமல் தொகுப்பை வரிசை மாற்றாமல் கேளுங்கள், இரண்டாம் முறை வரிகளோடு. இரு தொகுப்புகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். ஒரு டெசிபல் கூடியிருந்தாலே சத்தமான பாட்டு நல்ல பாட்டாகத் தோன்றிவிடும். வெளியான அன்றே எழுதும் அவசரமும் வேண்டாம். வேடிக்கை வரிகள் முதல் நாளிலேயே ஒட்டிக்கொள்ளும், துக்கம் நாலைந்து நாள் கழித்துத்தான் கேட்கும்.

பக்கத்தில் இடம் குறைவு என்பது தெரியும். படத்தைச் சிறிதாக்கி, நட்சத்திரக் கட்டத்தை எடுத்துவிட்டு, அங்கே எழுதியவர், தயாரித்தவர், வாசித்தவர், ஒலிக்கலவை செய்தவர் பெயர்களைப் போடுங்கள். வெளிநாட்டுத் தொகுப்புகளுக்கு இவை அட்டையிலேயே இருக்கும். கானாவுக்குப் பெரும்பாலும் யூடியூப் விளக்கத்தில் பாடகர் பெயர் மட்டும்தான் கிடைக்கும். சட்டி, டோலக், புல்புல்தாரா வாசித்தவர் யார் என்று பாடியவரையே போனில் கேளுங்கள், சொல்வார்கள்.

இப்படிக்கு,
இசை வாசகர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை-39