அறியாமை அல்ல, வாசல்தான் தடை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இளைஞர்களும் எச்.ஐ.வி. பரிசோதனையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'விழிப்புணர்வு இல்லாததால்தான் இளைஞர்கள் பரிசோதனைக்கு வருவதில்லை' என்ற முடிவையும், 'அப்படியானால் கட்டாயமாக்கினால் என்ன?' என்ற கேள்வியையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று தெரியாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்த இளைஞர்கள் குறைவு. ஆணுறை இல்லாத உடலுறவு, பிறர் பயன்படுத்திய ஊசி, தொற்றுள்ள ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்வார்கள். அவ்வளவும் தெரிந்துகொண்டே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

அவர்களைத் தடுத்தது பெரும்பாலும் நோய்ப் பயம்கூட அல்ல, 'யாராவது பார்த்துவிட்டால்?' என்பதுதான். முடிவு நெகட்டிவ் என்று வந்தாலும், 'இவன் எதற்காக அங்கே போனான்?' என்ற பேச்சு ஓயாது. அதாவது பழி முடிவின் மேல் விழுவதற்கு முன்பே, போன காலின் மேல் விழுந்துவிடுகிறது. இளம்பெண்களுக்கு இது இன்னும் கடுமை. வரவேற்பில் இருப்பவர் நாலு பேர் காதில் விழும்படி 'என்ன டெஸ்ட்?' என்று கேட்டால் போதும், வந்த பெண் அப்படியே திரும்பிவிடுவாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியாது. தன் தோழிகளிடமும் சொல்லியிருப்பாள்.

இதோடு நேரமும் சேர்கிறது. வகுப்பும் வேலையும் நடக்கும் அதே மணிநேரத்தில்தான் பல மையங்கள் திறந்திருக்கின்றன. பல நாடுகளில் 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தனக்கு ஒரு உறவு இருக்கிறது என்பதை அம்மாவிடம் சொல்லத் துணிந்த பிள்ளைதான் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றால், யார் வருவார்கள்? தென்னாப்பிரிக்காவின் குழந்தைகள் சட்டம் 12 வயதிலேயே தானாகச் சம்மதம் தர அனுமதிக்கிறது. அந்த வயது சரியா என்று வாதிடலாம். பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மலாவி நாட்டுக் கிராமங்களில் நடந்த ஒரு ஆய்வு 2008ல் வெளியானது. பரிசோதனை முடிந்தபின், முடிவை வந்து வாங்கிக்கொள்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் வெவ்வேறு தொகைகள் தரப்பட்டன. சிலருக்கு எதுவுமே இல்லை. ஒன்றும் கிடைக்காதவர்களில் 34 சதவீதம் பேர்தான் முடிவைத் தெரிந்துகொண்டார்கள். மிகச் சிறிய தொகை கிடைத்தவர்களிடம் இந்த அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. முடிவு தரும் இடம் தூரமாக இருந்தால் வருகை குறைந்தது. அது இளைஞர்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வு அல்ல. காசு கொடுத்துக் கூட்டிவர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தாண்டவே முடியாத பயமாக இருந்தால் சில்லறைக்கு அது கரைந்திருக்குமா? 'பணம் தருகிறார்கள், அதனால் போகிறேன்' என்று வெளியே சொல்ல ஒரு சாக்கும் கிடைத்தது என்பது என் ஊகம்.

அந்தச் சாக்கு சாதாரண விஷயம் அல்ல. கர்ப்பிணிகளுக்கு மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்தே செய்துவிடுகிறார்கள்; யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாலிபனுக்கு அப்படி ஒரு வழி இல்லை. காய்ச்சலுக்கும் தோல் அரிப்புக்கும் போகிற அதே மருத்துவமனையில், அதே வரிசையில், வேண்டுமா என்று கேட்டு இதையும் செய்தால் பாதித் தயக்கம் போய்விடும். தனிப் பலகை மாட்டிய தனி அறை என்பது நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு. ஆனால் வருகிறவரைக் காட்டிக்கொடுப்பதே அந்தப் பலகைதான்.

'எனக்கெல்லாம் வராது' என்ற நினைப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஒருவரோடு மட்டும் பழகுகிறேன், அவரை நம்புகிறேன் என்பார்கள். பரிசோதனைக்குக் கூப்பிட்டாலே சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும் என்ற கவலை. இந்த முடிச்சை ஆலோசகரைவிட நண்பர்கள் எளிதாக அவிழ்க்கிறார்கள். தான் போய்வந்த ஒருவன் 'வா, நானும் வர்றேன்' என்று கூப்பிட்டால் அது நடந்துவிடுகிறது.

பாசிட்டிவ் என்றால் வாழ்க்கை முடிந்தது என்ற பழைய படமும் இன்னும் மனத்திலிருந்து போகவில்லை. அதை வரைந்தது நாம்தான். 1987ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் மரண தேவன் மனிதர்களைப் பந்து உருட்டிச் சாய்ப்பதுபோல் ஒரு விளம்பரம் ஓடியது. அந்தப் பாணி எத்தனையோ சுவரொட்டிகளில் தொடர்ந்தது. 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கி ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. இதைச் சொல்லாமல் 'வந்து டெஸ்ட் பண்ணிக்கொள்' என்றால் எந்த நம்பிக்கையில் வருவான்?

சரி, கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், திருமண உரிமம் வேண்டுமென்றால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தாக வேண்டும் என்ற சட்டம் 1988ல் நடைமுறைக்கு வந்தது. ஏராளமான ஜோடிகள் பக்கத்து மாநிலங்களுக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் தொற்று இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1989லேயே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். இளைஞர்களிடம் இதைச் செய்தால் அவர்களும் மையத்தைச் சுற்றிக்கொண்டு போகத்தான் வழி பார்ப்பார்கள்.

அதைவிட, வீட்டிலேயே செய்துகொள்ளும் சுயபரிசோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016ல் இதைப் பரிந்துரைத்தது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஆனால் அதில் பாசிட்டிவ் காட்டினால் அதுவே முடிவு அல்ல. மையத்தில் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அந்த இரவில் அவன் அழைத்துப் பேச ஒருவர் இருக்க வேண்டும். ஆலோசனை இல்லாமல் பரிசோதனைப் பெட்டியை மட்டும் விற்பது எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். சந்தேகம் வந்த மறுநாளே பரிசோதித்து நிம்மதி அடையலாம் என்ற பொருளில் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அது தவறு. தொற்று ஏற்பட்டிருந்தாலும் பரிசோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகும். வைரஸின் ஒரு பகுதியையும் (ஆன்டிஜன்) அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளையும் (ஆன்டிபாடி) சேர்த்துத் தேடும், நாளத்தில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் பரிசோதனைக்கு 45 நாள் வரை, ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் சுயபரிசோதனைகளுக்கு 90 நாள் வரை ஆகலாம். மறுநாள் செய்ய வேண்டியது வேறு: 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால், தொற்று பிடிக்காமல் தடுக்க 28 நாள் மருந்து தொடங்க முடியும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இதை அடுத்த இதழில் கண்ணில் படும் இடத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலோசகர் ஒருவர்