ஜூலை ரேஸ் பார்ட்டின்னா சூதாட்டமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம தென்னாப்பிரிக்காவோட டர்பன் ஜூலை குதிரை ரேஸுக்கு வீட்ல பார்ட்டி வைக்கிறது சூதாட்டத்த வளக்குற வேலைன்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

டர்பன்ல சாட்ஸ்வர்த் பகுதியில எங்க வீட்ல வருஷா வருஷம் ஜூலை முதல் சனிக்கிழமை சொந்தக்காரங்க எல்லாம் கூடிருவோம், ரேஸ் நடக்குற கிரேவில் மைதானத்துக்கு குடும்பத்தோட போனா கட்டுப்படியாகாது, அதனால டிவிதான். பணமே வைக்கிறதில்ல. குதிரைங்க பேர சீட்டுல எழுதி எவர்சில்வர் சொம்புல போட்டு குலுக்குவோம், பிள்ளைங்க எடுக்கும், ஜெயிச்ச சீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு. இந்த வருஷம் தீம் பழைய காலத்து தொப்பி. எங்க அத்தை கிழிஞ்சுபோன கல்யாண சேலையோட ஜரிகை பார்டர வெட்டி அட்டைத் தொப்பிய சுத்தி ஒட்டிக் குடுத்தாங்க, அம்புட்டு அழகு, பேத்தி தூங்கும்போதும் கழட்டல!

1897ல ஆரம்பிச்ச ரேஸ் இது, இப்ப 2200 மீட்டர், பிரியாணி சட்டிய தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுரும். ஆனா கதை பேசுறது ராத்திரி வரைக்கும் போகும். 1966ல சீ காட்டேஜ்ங்கிற குதிரைய ரேஸுக்கு முன்னாடி துப்பாக்கியால சுட்டுட்டாங்க, அப்படியும் அது ஓடி நாலாவதா வந்துச்சு, அடுத்த வருஷம் ஜாலிஃபைங்கிற இன்னொரு குதிரையோட சேர்ந்து முதலிடம். தாத்தா இத சொல்றப்ப பிள்ளைங்க ஃபோன கீழ வெச்சுட்டு கேக்குதுங்க ஐயா.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகி